தம்பியின் தட்டில் முருங்கைக்கீரை



உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கழனிகளில் நெற்கதிர் முற்றும் பருவம் வந்தால், உழவர்களுக்கு ஒரு தலைவலியும் கூடவே வந்துவிடும். எலி! வரப்பில் வளை தோண்டி, கதிரை அறுத்து உள்ளே இழுத்துச் செல்லும் எலியை ஒழிக்க, துத்தநாக பாஸ்பைடு என்னும் நஞ்சைப் பொரியில் கலந்து வைப்பது வழக்கம். ஆனால் விவரம் அறிந்த உழவர் முதல் நாளே நஞ்சு வைப்பதில்லை. இரண்டு மூன்று நாள்களுக்கு நஞ்சில்லாத வெறும் பொரியைச் சிறிது எண்ணெய் பிசறி வளையருகே வைப்பார். எலி அதைத் தின்று பழகிய பிறகுதான் நஞ்சு கலந்த பொரி. கொல்லப்போகும் எலிக்கு முன்கூட்டியே எதற்காக இந்த விருந்து?

எலி ஒரு சந்தேகப் பிராணி. புதிதாக ஒரு தீனி கண்ணில் பட்டால் உடனே பாய்ந்து தின்னாது. முதலில் சுற்றிச் சுற்றி வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு துணுக்கைக் கடித்துவிட்டுப் போய்விடும். வயிற்றுக்கு ஒன்றும் நேராவிட்டால் அடுத்த முறை சற்று அதிகமாகத் தின்னும். வயிறு கெட்டுவிட்டாலோ, அந்தத் தீனியின் பக்கமே பிறகு தலைகாட்டாது. இவ்வளவு எச்சரிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. எலியால் வாந்தி எடுக்க முடியாது! உள்ளே போன நஞ்சை வெளியே தள்ள வழியில்லாததால் அது வாயிலேயே காவல் வைத்திருக்கிறது.

இப்போது கழனியிலிருந்து வீட்டுக்கு வாருங்கள். நான்கு வயதுத் தம்பி தட்டின்முன் உட்கார்ந்திருக்கிறான். அம்மா முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு கரண்டி வைக்கிறார். தம்பி அதை உற்றுப் பார்க்கிறான்; முகர்கிறான்; விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறான்.

"எனக்கு வேணாம்."

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருடா கண்ணு."

"நல்லா இல்லே."

"வாயிலேயே வைக்கலே, அதுக்குள்ளே நல்லா இல்லேன்னு எப்படிடா தெரியும்?"

தம்பி வாயை இறுக மூடிக்கொள்கிறான். அப்பா அதட்டுகிறார். ஆயா பூச்சாண்டியைக் கூப்பிடுகிறார். அக்கா கைப்பேசியில் படம் காட்டுகிறாள். இவ்வளவுக்குப் பிறகும் கீரை தட்டின் ஓரத்திலேயே காய்ந்து கிடக்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று வந்த விருந்தாளி ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

செல்லமா? பிடிவாதமா? எலியைப் பார்த்துவிட்டு வந்த நமக்கு வேறொன்று தோன்றவேண்டும். தம்பி செய்ததும் எலி செய்ததும் ஏறக்குறைய ஒன்றே அல்லவா! உற்றுப் பார்த்தல், முகர்தல், ஒதுங்குதல். உளவியல் அறிஞர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் இதைப் 'புத்துணவு அச்சம்' எனலாம்.

எல்லாம் தின்னும் உயிரின் சங்கடம்

பட்டுப்புழுவுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அதற்கு முசுக்கொட்டை இலை ஒன்றே உணவு. எதைத் தின்பது என்ற கேள்வியே அதன் வாழ்க்கையில் எழுவதில்லை. மனிதனும் எலியும் அப்படியல்லர். தானியம், கிழங்கு, காய், கனி, பூச்சி, இறைச்சி என்று எதையும் தின்னக்கூடிய உயிர்கள். ஆகவே பஞ்சம் வந்தாலும் பிழைக்க வழியுண்டு. ஆனால் அதே காரணத்தால் நஞ்சைத் தின்றுவிடும் ஆபத்தும் உண்டு. புதியதைத் தேடவும் வேண்டும். புதியதற்கு அஞ்சவும் வேண்டும். இந்த இரண்டு கயிறுகளுக்கிடையே இழுபடுவதுதான் எல்லாம் தின்னும் உயிரின் நிலை. இதை 1970-களில் விளக்கமாக எழுதியவர் பால் ரோசின் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்.

தாவரங்கள் ஓடி ஒளிய முடியாதவை. தம்மைத் தின்ன வருபவற்றை விரட்ட இலையிலும் விதையிலும் வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அவற்றுள் பல கசக்கும். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னின் கொடிய நஞ்சு, கடுங்கசப்பு. எனவே கசப்பைக் கண்டதும் துப்பிவிடும் உயிர் பிழைத்தது. இஸ்ரேலைச் சேர்ந்த ஜேக்கப் ஸ்டைனர், 1970-களில் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளின் நாவில் வெவ்வேறு சுவைத் துளிகளை வைத்துப் பார்த்தார். இனிப்புக்குக் குழந்தையின் முகம் மலர்ந்தது, உதட்டைச் சப்பியது. கசப்புக்கோ முகத்தைச் சுளித்து வாயைப் பிளந்தது. தாய்ப்பாலைக்கூட இன்னும் சுவைக்காத குழந்தைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

அப்படியானால் ஆறு மாதக் குழந்தை, ஊட்டிய கஞ்சியையும் மசித்த கிழங்கையும் மறுப்பின்றி விழுங்குகிறதே? ஆம், அதுதான் வேடிக்கை. புத்துணவு அச்சம் பிறந்தவுடன் வெளிப்படுவதில்லை. ஏறக்குறைய 2 வயதில் தலைதூக்கி, 6 வயது வரை உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லத் தணிகிறது. கைக்குழந்தை தாய் ஊட்டுவதைத்தான் உண்ணும். அதற்குத் தனிக் காவல் வேண்டியதில்லை. எழுந்து நடந்து, வேலியோரத்துப் பழத்தைத் தானே பறித்து வாயில் போட்டுக்கொள்ளும் வயது வந்ததும் காவல் தேவைப்படுகிறது. அந்த வயதில்தான் இந்த அச்சமும் வருகிறது. இது அறிஞர்கள் தரும் விளக்கம். நேரடியாக நிரூபிப்பது எளிதன்று. ஆயினும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த அச்சம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே வீட்டில் அண்ணன் எதையும் உண்பான். தம்பி நான்கு பண்டங்களைத் தவிர எதையும் தொடமாட்டான். ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு! இங்கிலாந்தில் 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்த அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மரபணு வேறுபாட்டால் வருவது என்பது அதன் சாரம். ஆகவே விருந்தாளியின் தீர்ப்பைக் கேட்டு உங்கள் அம்மா வருந்தவேண்டியதில்லை. அதற்காக மரபில் வந்தது மாறாது என்றும் எண்ணிவிடாதீர்கள். நெல்லின் உயரம் விதையைப் பொறுத்தது. ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் எந்த விதையும் உயராது.

நாவிலும் வேறுபாடு உண்டு. 1931-இல் ஆர்தர் பாக்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கொட்டும்போது தூசு பறந்தது. அருகில் இருந்தவர் "வாயெல்லாம் கசக்கிறதே!" என்றார். பாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. அந்தப் பொடியின் கசப்பைச் சிலர் உணர்கிறார்கள், சிலர் உணர்வதே இல்லை என்பது இப்படித் தற்செயலாகத் தெரிந்தது. இதற்குக் காரணமான மரபணுவும் 2003-இல் கண்டறியப்பட்டது. முட்டைக்கோசு, முள்ளங்கி வகைக் காய்களில் இதற்கு உறவான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. "கோசு கசக்குது" என்று தங்கை சொல்லும்போது உங்களுக்குக் கசக்கவில்லை என்பதற்காக அவளைப் பொய் சொல்பவளாக்கிவிடாதீர்கள்.

தம்பி ஏன் வாயில் வைக்காமலே முகர்ந்து பார்த்தான்? இதை அறிய ஒரு சிறு சோதனை. ஏலக்காயைத் தட்டிச் சர்க்கரையுடன் கலந்துகொள்ளுங்கள். மூக்கை விரலால் நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகையை நாவில் போடுங்கள். வெறும் இனிப்புத்தான் தெரியும். இப்போது விரலை எடுங்கள். ஏலக்காய் 'பளிச்' என்று வந்து நிற்கும்! நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. தொண்டையின் பின்புறமாக மணம் மூக்குக்கு ஏறுகிறது. கண்ணும் மூக்கும் முன்பே "தெரியாத ஆள்" என்று சொல்லிவிட்டால் நாக்குக்குச் செய்தி போவதே இல்லை.

ஊரே அஞ்சிய உணவு

அச்சம் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. ஊர்களும் நாடுகளும்கூடப் புதிய உணவைக் கண்டு தயங்கியிருக்கின்றன.

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். குடவோலை முறையைச் சொல்லும் அக்கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆண்டு வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுடன் தோட்ட வாரியம் என்ற ஒன்றும் அவற்றில் வருகிறது. தோட்டங்களைக் கவனிக்க ஒரு குழு! அந்தத் தோட்டங்களுக்குள் நாம் இன்று நுழைய முடிந்தால் ஒன்றைக் கண்டு வியப்போம். அங்கே மிளகாய் இராது. தக்காளி இராது. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, அன்னாசி எதுவுமே இராது. இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகே, போர்ச்சுக்கீசியர் முதலிய ஐரோப்பியர் வழியாக ஒவ்வொன்றாக இங்கு வந்தன.

பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய். பரங்கியர் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றின் பெயரோடு ஒட்டிவைத்துத்தான் நம் முன்னோர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மிளகாய் வருவதற்கு முந்திய சமையலின் சாயல் இன்றும் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வரதராசப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேரும், மிளகாய் சேராது. சில வீடுகளில் திதி நாள் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோசு முதலியவற்றை இன்றும் சேர்ப்பதில்லை. நானூறு ஐந்நூறு ஆண்டுகள் ஆகியும் அன்று மட்டும் அவை 'புதியவை'!

மரவள்ளிக்கிழங்கின் கதை இன்னும் சுவையானது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா, அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக மரவள்ளியைப் பரப்ப விரும்பினார். மக்கள் அது நஞ்சு என்று அஞ்சி ஒதுங்கினர். அரசர் அதைச் சமைத்துத் தம் உணவிலேயே பரிமாறச் செய்தார் என்று சொல்வார்கள். இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், மக்களின் அச்சம் முழுவதும் மூடத்தனமன்று. மரவள்ளியில் சயனைடு வெளிப்படுத்தும் பொருள் உண்மையிலேயே இருக்கிறது. தோலை நீக்கி, நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். அச்சமும் சரி, அச்சத்தைப் போக்க முன்னால் ஒருவர் உண்டு காட்டியதும் சரி.

பள்ளிக்கூடம் என்னும் சோதனைச்சாலை

நம் மாநிலத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் புதிய உணவு பழகியது எங்கே தெரியுமா? பள்ளியில்தான். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1960-களில் கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனத்தின் வழியாகப் பால்பொடியும், மக்காச்சோள மாவும், உடைத்த கோதுமையும் வந்தன. சோறும் கேழ்வரகும் கம்பும் உண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோதுமை உப்புமா புதிது. மஞ்சள் நிற மக்காச்சோளக் கஞ்சி அதைவிடப் புதிது. உங்கள் ஊர்த் தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வாசனையை இன்றும் சொல்வார்கள். சிலர் ஏக்கத்தோடு சொல்வார்கள். சிலர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள்.

1982 சூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி 2010-இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். 2013-இல் கலவைச் சோற்று வகைகளும் மிளகு, தக்காளி மசாலா சேர்த்த முட்டையும் முதலில் சில ஒன்றியங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டுப் பிறகு மாநிலமெங்கும் வந்தன. கறிவேப்பிலைச் சாதமும் கீரைச் சாதமும் சோயாவில் செய்த மீல்மேக்கரும் அந்தப் பட்டியலில் இருந்தன. மீல்மேக்கர் எத்தனை சிற்றூர் வீடுகளில் அதற்குமுன் அடுப்பேறியிருக்கும்! 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவும் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தட்டில் சோறே அரிதான வீட்டில் 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை என்று சிலர் நினைப்பார்கள். அது முழு உண்மையன்று. குழந்தை எந்த வீட்டிலும் அஞ்சத்தான் செய்யும். வேறுபாடு என்னவென்றால், கையில் காசு குறைந்த தாய் தோற்கும் பண்டத்தை மறுமுறை சமைக்கத் துணியமாட்டாள். பிள்ளை தொடாத பீர்க்கங்காயைப் பத்து முறை சமைத்துப் பத்து முறை கொட்ட யாருக்கு முடியும்? அவன் உண்பான் என்று நிச்சயமாகத் தெரிந்த சோற்றையும் ரசத்தையுமே வைப்பாள். அதில் தவறு காண நமக்கு உரிமையில்லை. பள்ளி உணவின் பெருமைகளில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இதுவே என்று நான் கருதுகிறேன். பழகும்வரை வீணாகும் அந்தப் பத்து முறையின் செலவைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது. அதோடு, பழகுவதற்குத் தேவையான மற்றொன்றையும் தருகிறது. அது என்ன என்பதை ஆராய்ச்சிகளே சொல்லட்டும்.

எத்தனை முறை?

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லீயான் பர்ச் என்னும் பெண் அறிஞர் சிறு குழந்தைகளின் உணவு விருப்பத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1982-இல் வெளியான ஒரு சோதனையில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத 5 வகைப் பாலாடைக்கட்டிகள் கொடுக்கப்பட்டன. வேறு சில குழந்தைகளுக்குப் பழங்கள். ஒரு வகையை 20 முறை, ஒன்றை 15 முறை, மற்றவற்றை 10, 5, 2 முறை சுவைக்கச் செய்தார்கள். பிறகு இரண்டிரண்டாக வைத்து, "எது வேண்டும்?" என்று கேட்டார்கள். அதிக முறை சுவைத்ததையே குழந்தைகள் அதிகம் விரும்பினார்கள். வேறு எந்த மந்திரமும் இல்லை, எண்ணிக்கைதான்!

பார்த்துப் பார்த்துப் பழகினால் போதாதா? போதாது. 1987-இல் அதே குழுவினர், சில பண்டங்களைக் குழந்தைகள் பார்க்க மட்டும் விட்டார்கள். சிலவற்றைச் சுவைக்கவும் விட்டார்கள். பார்த்தது கண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. சுவையில் பிடிக்க, சுவைத்தே ஆகவேண்டியிருந்தது. எலிக்கு வைத்த வெறும் பொரி நினைவுக்கு வருகிறதா? ஒவ்வொரு சிறு கடியும் மூளைக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: 'தின்றேன், ஒன்றும் ஆகவில்லை.'

1990-இல் வந்த சோதனை நம் வீட்டுச் சமையலுக்கு இன்னும் நெருக்கமானது. 4, 5 வயதுக் குழந்தைகளுக்குச் சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோபு என்ற பண்டத்தைச் சிலருக்கு வெறுமனேயும், சிலருக்கு உப்பிட்டும், சிலருக்கு இனிப்பிட்டும் 15 முறை கொடுத்தார்கள். முடிவில் எந்தக் குழந்தை எந்த வடிவில் சுவைத்ததோ அந்த வடிவையே விரும்பியது. இனிப்பு டோபு பழகிய குழந்தை வெறும் டோபுவை விரும்பிவிடவில்லை! எல்லாவற்றிலும் சர்க்கரையைத் தூவிக் கொடுப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொரு சோதனையில், ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதே காயை விரும்பும் மூன்று நான்கு குழந்தைகளோடு நான்கு நாள் உணவு வேளையில் உட்காரவைத்தார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை. மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்து அந்தக் குழந்தையும் எடுக்கத் தொடங்கியது. பிறகு தனியாகக் கேட்டபோதும் விருப்பம் மாறியே இருந்தது. இது 1980-இல் வெளியானது. வரிசையாக உட்கார்ந்து உண்ணும் சத்துணவுப் பந்தி தருவதாக நான் சொன்ன மற்றொன்று இதுதான்: கூட்டாளி. எலிகளும் இதில் நமக்கு இளைத்தவையல்ல. ஓர் எலி தின்றுவிட்டு வந்த தீனியின் மணத்தை அதன் மூச்சில் முகரும் இன்னோர் எலி, பிறகு அதே தீனியைத் தேர்ந்தெடுப்பதை 1983-இல் கனடாவில் பென்னட் கேலஃப் காட்டினார்.

சரி, அதட்டினால்? ஆசை காட்டினால்? 1984-இல் பர்ச் குழுவினர், புதிய ஒரு பால் பானத்தைக் குடித்தால் படம் பார்க்கலாம் என்று சில குழந்தைகளிடம் சொன்னார்கள். குழந்தைகள் குடித்தார்கள், படமும் பார்த்தார்கள். ஆனால் பானத்தின்மேல் இருந்த விருப்பம் குறைந்துவிட்டது! கூலி கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள் என்றால் அது நல்லதாகவா இருக்கும் என்று குழந்தை கணக்குப் போடுகிறது போலும். "கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்பதில் கீரை கூலிவேலையாகிவிடுகிறது, ஐஸ்கிரீம் கூலியாகிவிடுகிறது. எனினும் 2010-க்குப் பிறகு இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில், ஒரு சிறு துண்டைச் சுவைத்ததற்கு மட்டும் ஒட்டுப்படம் போன்ற எளிய பரிசு தந்தபோது விருப்பம் குறையவில்லை, கூடவே செய்தது. தின்னும் பண்டத்தையே பரிசாக்குவதும், தட்டைக் காலிசெய்யப் பரிசு தருவதும் வேறு. சுவைத்துப் பார்த்த துணிவுக்கு ஓர் ஒட்டுப்படம் என்பது வேறு.

ஒரே ஒரு முறை ஏற்பட்ட கசப்பான அனுபவம் இத்தனை உழைப்பையும் கெடுத்துவிடக்கூடும். ஓர் உணவை உண்டபின் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், நோய்க்குக் காரணம் வேறாக இருந்தாலும் மூளை அந்த உணவின்மேல் பழியைப் போட்டுவிடும். 1950-களில் ஜான் கார்சியா எலிகளிடம் கண்டது இது. ஆகவே காய்ச்சலில் கிடக்கும் தம்பியிடம் புதுக் காயை அறிமுகம் செய்யாதீர்கள்.

சுண்டைக்காய் அளவு

இதெல்லாம் எதற்கு, பெரியவனானால் தானே உண்பான் என்கிறீர்களா? பல குழந்தைகள் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் 2 முதல் 6 வயது வரை என்பது உடலும் மூளையும் விரைந்து வளரும் காலம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. இரத்தசோகைக்குக் குடற்புழு முதலிய பல காரணங்கள் உண்டு. கீரை ஒன்றே மருந்து என்று சொல்வது அறிவியலாகாது. என்றாலும் சோறும் ரசமும் மட்டுமே இறங்கும் வாய்க்குள் பயறும் கீரையும் முட்டையும் போகவேண்டும் என்பதில் ஐயமில்லை. கொல்லையில் முருங்கை நிற்கும் வீடுகள் உத்திரமேரூர்ப் பக்கம் எத்தனை! மரம் வாசலில் நிற்கிறது; இலை தம்பியின் வாயைத்தான் எட்டவில்லை.

அம்மா கரண்டியால் வைத்தாரே, அங்கேதான் சிக்கல். முதல் நாள் சுண்டைக்காய் அளவு போதும். அவன் உண்ணும் சோற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். சோற்றுக்குப் பதிலாக அன்று. பிடிக்காவிட்டால் துப்பிவிடலாம் என்ற உரிமையைக் கொடுங்கள். துப்பினால் திட்டக்கூடாது, விழுங்கினால் ஊரைக் கூட்டவும் கூடாது. அந்த அளவில் வைத்தால் வீணாவதும் சுண்டைக்காய் அளவே. பிறகு நாள் விட்டு நாள், அதே கீரை, அதே பக்குவம். மூன்று நாளில் கைவிட்டுவிடுகிற வீடுகளே அதிகம். ஆராய்ச்சிகள் சொல்லும் எண்ணிக்கையோ 10, 15.

கூட்டாளிக்கு எங்கே போவது? நீங்கள் இருக்கிறீர்களே! தம்பிக்கு அப்பாவைவிட நீங்கள்தான் நெருங்கிய கூட்டாளி. நீங்கள் கீரையை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு அவனை மட்டும் தின்னச் சொன்னால், அவன் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டான்; தட்டைத்தான் பார்ப்பான்.

ஓர் எச்சரிக்கை. குழந்தை ஒரு குறிப்பிட்ட உணவை உண்டதும் தடிப்பு, மூச்சுத்திணறல், உதடு வீக்கம் வந்தால் அது அச்சமன்று, ஒவ்வாமை. அதை மீண்டும் கொடுக்கக்கூடாது. எடை கூடாமல் இருப்பது, எந்த உணவைக் கொடுத்தாலும் குமட்டுவது, முன்பு உண்டவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிடுவது போன்றவை தெரிந்தால் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டவேண்டும். சோதனை செய்துகொண்டிருக்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் நலமாக உள்ள 3 முதல் 6 வயதுக் குழந்தை இருந்தால், அது தொடாத காய் அல்லது கீரை ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு குழந்தை இல்லையென்றால் கவலையில்லை. நீங்கள் பல ஆண்டுகளாக ஒதுக்கிவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று முறை, 15 முறை வரை, சுண்டைக்காய் அளவு. ஒவ்வொரு முறையும் மதிப்பெண் போடுங்கள். தொடவே இல்லையென்றால் 0, முகர்ந்தால் 1, நக்கினால் 2, மென்று துப்பினால் 3, விழுங்கினால் 4, இன்னும் கேட்டால் 5. அன்று உடன் உட்கார்ந்து அதே பண்டத்தை உண்டவர் யார் என்பதையும் குறியுங்கள். நீங்கள் எழுதுவது குழந்தைக்குத் தெரியவேண்டாம்.

ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து செய்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாதிப் பேர் வீட்டில் குழந்தை தனியே உண்ணட்டும். மீதிப் பேர் வீட்டில் யாராவது கூட உண்ணட்டும். ஐந்தாறு குழந்தைகளைக் கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது என்பது நினைவிருக்கட்டும். பர்ச் அம்மையாரின் 1982 சோதனையிலும் குழந்தைகள் சிலரே. பிறகு பல நாடுகளில் பலர் மீண்டும் செய்து பார்த்ததால்தான் அது வலுப்பெற்றது.

முடிவில் கிடை அச்சில் எத்தனையாவது முறை என்பதையும், குத்து அச்சில் மதிப்பெண்ணையும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக மேலேறாது. பத்தாம் முறை 4 வாங்கிய தம்பி பதினோராம் முறை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடுவான். அப்போது நோட்டில் 4 என்று எழுதக் கை பரபரக்கும். 1 என்றே எழுதுங்கள்.